குடிக்காமல் வைத்த கிண்ணம்

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அந்தச் சிறுமி ஒருமுறை கேட்டாள்.

கேட்டவளுக்கு ஆறு வயதிருக்கும். பெயர் வத்ஹா. ஜோர்தானின் தெற்கே, பாலைவனத்தில், ஆட்டுமயிரால் நெய்த கறுப்புக் கூடாரமொன்றில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கப்பட்டவள் பிரசாந்தினி. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து, பெதூயின் நாடோடிக் குடும்பமொன்றின் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஒலிப்பதிவு செய்யப் போயிருந்தவள். சிறுமியின் அரபு அவளுக்கு விளங்கவில்லை. வழிகாட்டியாக வந்த ரயீத் என்ற இளைஞன் ஆங்கிலத்தில் சொன்னான்.

“ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்று பிரசாந்தினி சிரித்தாள்.

வத்ஹா சிரிக்கவில்லை. பிரசாந்தினியின் முகத்தைப் பார்த்தாள். அவள் முன்னே விரிப்பில் தொடாமலிருந்த சிறிய கோப்பிக் கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் பொய் சொல்லும்போது குழந்தைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

அன்று சிவராத்திரி. சின்ன வயதிலிருந்தே பிரசாந்தினி அந்த நாளில் பச்சைத்தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. பாலைவனத்தில் நின்றாலும் விரதம் விரதம்தான். ஆனால் வீட்டுக்காரர் அபூ ஃபலாஹ் தன் கையாலேயே கொட்டையை வறுத்து, மர உரலில் தாளம் தவறாமல் இடித்து, ஏலக்காய் மணக்க ஊற்றித் தந்த கோப்பியை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிவரை உயர்த்தி, மரியாதையாகத் தன் முன்னே வைத்துவிட்டாள். யாழ்ப்பாணத்து வீடென்றால் அது போதும். விரதக்காரி என்று வீட்டாருக்கு விளங்கிவிடும்.

அபூ ஃபலாஹ் அந்தக் கிண்ணத்தையே பார்த்தார். பிறகு ரயீத்திடம் ஏதோ சொன்னார். ரயீத் குனிந்து இயக்குநர் இசபெல்லிடம் ஏதோ சொன்னான். இசபெல் ஏதோ கேட்டாள். அபூ ஃபலாஹ் தாடியைத் தடவிக்கொண்டார். கடைசியில் ஒரு சொல் சொன்னார். அவ்வளவுதான். காலையில் வந்தபோது, “ஆடுகளைப் படம் பிடியுங்கள், ஒட்டகத்தைப் பிடியுங்கள், எங்களைப் பிடியுங்கள், பெண்கள் பக்கம் மட்டும் வேண்டாம்” என்று சொன்ன மனிதர், மறுநாள் கூடாரத்தை இரண்டாகப் பிரித்த அந்தத் தடித்த திரையை இசபெல்லுக்குத் திறந்துவிட்டார்.

கமராவைப் பிடித்தவள் இசபெல்; மைக்கைப் பிடித்தவள் பிரசாந்தினி. இருவரும் பெண்கள் என்பதால் மனம் மாறியிருப்பார் என்றுதான் பிரசாந்தினி நினைத்தாள். கடவுள் தந்த பாக்கியம் என்றும் நினைத்தாள். அபூ ஃபலாஹின் மனைவி ஹம்தா ரொட்டி சுட்டாள். முக்காட்டை எடுத்துவிட்டுத் தலைமுடியைப் பிரித்து வாரினாள். வாரிக்கொண்டே மகளுக்கு ஒரு பாட்டுப் பாடினாள். பாட்டின் நடுவே ஒரேயொரு முறை நிமிர்ந்து கமராவை நேராகப் பார்த்தாள்.

லண்டனில் அந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்த தொலைக்காட்சிக்காரர்கள், “இதுதான் படத்தின் உயிர்” என்றார்கள்.

*

2009ஆம் ஆண்டின் அந்த ஏப்ரலில், ஃபாரஸ்ட் கேட்டின் தமிழ் வீடுகளில் ஒரு நேரச் சாப்பாடாவது ஆறுதலாக நடந்ததாகச் சொல்ல முடியாது. தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. கைபேசி தலையணைக்கு அடியில் கிடந்தது. போருக்குள் வன்னியில் அகப்பட்ட சொந்தங்களைப் பற்றி ஒருவர் ஒன்று சொல்வார், அடுத்தவர் அதை இல்லையென்பார். பிரசாந்தினியின் கணவன் நிஷாந்தனின் அக்கா ஜெயகௌரி இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருந்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு செய்தி இல்லை. நிஷாந்தன் களஞ்சியசாலையில் இரவு ஷிப்ட் முடித்து, வீட்டுக்கு வராமல் நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போய் ஆர்ப்பாட்டக்காரரோடு நின்றுவிட்டு வருவான். கண் சிவந்திருக்கும். தொண்டை கட்டியிருக்கும்.

பிரசாந்தினிக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயிலில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். அடிக்காத தொலைபேசி அடிப்பதுபோலக் காதில் கேட்கும். சோஹோவில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த எடிட்டிங் அறைக்கு வந்து, ஹெட்ஃபோனை மாட்டி, பாலைவனத்துக் காற்றைக் கேட்கத் தொடங்கினால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே படம் பிடித்தாலும், அந்த இடத்தின் மௌனத்தையும் தனியாகப் பதிந்துகொண்டு வருவார்கள். கோயில் மண்டபத்தின் மௌனம் வேறு. சமையலறையின் மௌனம் வேறு. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே பொருத்துவதற்கு அது வேண்டும். சிவராத்திரி அன்று மாலை பிரசாந்தினி ரெக்கோடரைக் கூடாரக் கம்பத்தில் தொங்கவிட்டு, ஓடவிட்டுவிட்டு, சூரியன் விழுவதைப் பார்த்துத் தேவாரம் சொல்ல வெளியே போயிருந்தாள்.

இப்போது அந்த மௌனத்தை எடுத்துப் பொருத்தப் பார்த்தபோது, அதற்குள்ளே தாழ்ந்த குரலில் இருவர் பேசுவது கேட்டது. பின்னணியில் வைக்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ள, மொழிபெயர்ப்பு செய்ய வந்திருந்த நவாலிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தாள். நவாலும் தெற்கு ஜோர்தான்காரிதான். கல்யாணம் முடித்து லண்டனுக்கு வந்தவள். ஹம்தாவின் பேச்சு வழக்கு அவளுக்குத் தாய்வீட்டுப் பேச்சு.

நவால் முதலில் புன்னகையோடு கேட்டாள். பிறகு புன்னகை போயிற்று. ஒருமுறை நிறுத்தி, பின்னே ஓட்டி, மறுபடி கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “அன்றைக்கு நீங்கள் ஏன் கோப்பி குடிக்கவில்லை?” என்றாள்.

“விரதம். ஏன்?”

“எங்கள் பக்கத்தில், வந்த விருந்தாளி கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், அவர் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று பொருள். பெண் கேட்டு வருகிறவர்கள் அப்படி வைப்பார்கள். கொலைப் பகையை மன்னிக்கும்படி கேட்டு வருகிறவர்களும் வைப்பார்கள். ‘குடியுங்கள், கேட்டது உங்களுக்கு’ என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு மானம் இல்லை.”

பிரசாந்தினியின் கால் ஆடுவது நின்றது. “அவர்கள் என்ன பேசுகிறார்கள்?”

நவால் சுவரைப் பார்த்தபடி, மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள்.

“ஹம்தா சொல்கிறாள்: ‘அந்தப் பிள்ளை எதையும் கேட்கவில்லை. நோன்பு இருக்கிறாள். உதடு காய்ந்து கிடப்பது தெரியவில்லையா? வத்ஹா கேட்டபோதே ஒன்றும் வேண்டாம் என்றாளாம்.’ அவர் சொல்கிறார்: ‘கூட வந்தவள் கேட்டுவிட்டாளே. நானும் சரி என்றுவிட்டேன். வாயை விட்டுப் போன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பேன்?’ ‘அதற்கு என் முகத்தையா கொடுத்தீர்கள்?’ ‘படம் பிடிப்பவளும் பெண்தானே.’ ‘பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் பெண்களா?’”

“பிறகு?”

“பிறகு ஒன்றுமில்லை. காற்றுத்தான். கனநேரம் கழித்து அவளே பேசுகிறாள். ‘சரி. பொழுது பட்டும் அந்தப் பிள்ளை வாயில் ஒன்றும் வைக்கவில்லை, விடியற்காலந்தான் நோன்பு திறப்பாள் போல. மாவைப் பிசைந்து வைக்கிறேன். நம் வீட்டில் விருந்தாளி வெறும் வயிற்றோடு எழும்பக் கூடாது.’”

மறுநாள் விடியும் நேரத்தில், திரையின் ஓரத்தால் ஒரு கை நீண்டது பிரசாந்தினிக்கு நினைவு வந்தது. துணியில் சுற்றிய சூடான ரொட்டி, பேரீச்சம்பழம், ஒரு பாத்திரம் ஆட்டுப்பால். ரயீத் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, சிவனை நினைத்துப் பாரணை முடித்து, வயிறு குளிரச் சாப்பிட்டவள் அவள். அதன் பிறகுதான் மைக்கை எடுத்துக்கொண்டு அந்தத் திரைக்கு உள்ளே போனாள்.

“இதைப் பின்னணியில் போடாதீர்கள்” என்று நவால் எழுந்தாள். பாவம், அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

*

இசபெல் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் படத்துக்காக எத்தனையோ கதவுகளைத் தட்டியவள். பாலைவனத்தில் தன் கம்பளியைப் பிரசாந்தினிக்குக் கொடுத்துவிட்டுக் குளிரில் நடுங்கியவள். குடித்து முடித்ததும் கிண்ணத்தை இரண்டு முறை ஆட்டிக் கொடுத்தால்தான் ‘போதும்’ என்று பொருள் என்பது தெரியாமல், ஊற்ற ஊற்றக் குடித்து, மறுநாள் முழுக்கக் கை நடுங்கக் கமரா பிடித்து, தன்னைத்தானே கேலி செய்து சிரித்தவள். லண்டனில் ஒவ்வொரு நாள் காலையும், மூலையிலிருந்த சின்ன அடுப்பில் தன் கையாலேயே கோப்பி போட்டு, பிரசாந்தினியின் மேசையில் கொண்டுவந்து வைப்பாள்.

பிரசாந்தினி நவால் சொன்னதைச் சொன்னதும், இசபெல் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ரயீத் அப்போதே சொன்னான். உன் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டுமென்று அவர் கேட்கிறார் என்று. எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கேட்டேன். அவர் மறுத்திருக்கலாம்.”

“அவரால் மறுக்க முடியாது, இசபெல். அதுதானே அந்த வழக்கமே.”

“அதை நானா உண்டாக்கினேன்? நீ கிண்ணத்தை வைத்தாய். நான் வாயைத் திறந்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம்.”

அந்தச் சொல் பிரசாந்தினிக்கு எங்கேயோ குத்தியது. “அதனால்தான் கேட்கிறேன். ஹம்தாவின் முகத்தை எடுத்துவிடுவோம்.”

“அடுத்த கிழமை படத்தைக் கொடுக்க வேண்டும். தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பிடித்ததே அந்த இடந்தான். அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஆடுகள்!” இசபெல் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “அவள் அழகாகத்தானே இருக்கிறாள்? அவளைக் கேவலமாகவா காட்டியிருக்கிறேன்? உலகம் முழுக்க அந்தப் பெண்களை ஊமைகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இவள் பாடுகிறாள். அதைப் பார்க்கட்டும்.”

விடியற்கால ரொட்டியைப் பற்றிச் சொல்ல நினைத்த பிரசாந்தினி, சொல்லாமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் இசபெல் யாரையோ பார்க்க வெளியே போனாள். அறையில் பிரசாந்தினி தனியே. எதிரே அலமாரியில் டேப்கள் வரிசையாக நின்றன. ‘திரைக்கு உள்ளே’ என்று எழுதியவை இரண்டு. கணினியில் ஏற்றியதை அழித்துவிட்டு, இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனால் யார் கேட்பது? தொலைந்துவிட்டது என்றால் தொலைந்துவிட்டதுதான். எழுந்து, ஒன்றைக் கையில் எடுத்தும் விட்டாள். பிளாஸ்டிக் பெட்டி குளிர்ந்திருந்தது.

எடுத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. ஹம்தாவிடமிருந்து கேட்காமல் எடுத்தார்கள். இப்போது இசபெல்லிடமிருந்து கேட்காமல் எடுப்பதா? இதை ஆண்டவனுக்கு எப்படிக் கணக்குச் சொல்வது? டேப்பை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு இறங்கினாள். ரயில் வரும்வரை மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

*

வீட்டுக் கதவைத் திறந்ததும் நடை முழுக்க ஆர்ப்பாட்டத்தில் தூக்கிப் பிடிக்கிற மட்டைகள். நிஷாந்தன் அவற்றுக்குத் தடி பூட்டிக்கொண்டிருந்தான்.

“அக்காட்டையிருந்து ஏதும்?” என்று கேட்டபடி செருப்பைக் கழற்றினாள்.

“இல்லை. ஆரும் எடுக்கேல்லை.”

மட்டைகளில் எல்லாம் ஒரே படம். மரத்தடியில் ஒரு பெண். மடியில் கட்டுப் போட்ட பிள்ளை. அவளுடைய சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். யார் எடுத்த படமோ, இணையத்தில் வந்தது.

“இதையோ நாளைக்குப் பிடிக்கப் போறியள்?”

“ஓம். பார்லிமென்ருக்கு முன்னாலை. பார்க்கட்டும் எல்லாரும்.”

“இந்த மனுசியிட்டை ஆரும் கேட்டவையே?”

நிஷாந்தன் நிமிர்ந்தான். “என்ன கேக்கிறது? ஷெல்லுக்குள்ளை நிக்கிற சனத்திட்டைப் போய், அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ, ஒரு படம் எடுக்கப்போறம் எண்டு கேக்கிறதோ?”

“நான் அதைச் சொல்லேல்லை. முகம் தெரியட்டும். ஆனா அவ இப்பிடி உடுப்புக் கிழிஞ்சு நிக்கிறதை... அது எங்கடை ஜெயகௌரி அக்காவா இருந்தா இப்பிடித் தூக்கிப் பிடிப்பியளே?”

“நாங்கள் இஞ்சை சனத்தைக் காப்பாத்தப் பாக்கிறம். நீர் உம்மடை ஒட்டகப் படத்திலை இருந்து வந்து எனக்குப் படிப்பிக்கிறீர்.”

“ஒட்டகப் படத்திலையும் இதே பிரச்சினைதான்.”

“அப்ப ஒட்டகத்திட்டைப் போய்க் கேளும்!”

கோபத்தில் சொன்னாலும், சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது. இருவரும் அரை நிமிடம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அழுகையாகிவிடும் என்று பயந்தவர்கள்போல ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பிரசாந்தினி சாமியறையில் விளக்கேற்றினாள். திருநீறு பூசினாள். “எல்லாரையும் காப்பாத்து” என்பதற்கு மேல் எதுவும் வேண்டத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது நிஷாந்தன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டி மடியில். கத்தரிக்கோலால் ஓரத்தை முக்கோணமாக வெட்டி, அந்தப் படத்துப் பெண்ணின் தோளில் சால்வை போட்டதுபோல வைத்து ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு மட்டை முடிந்ததும் அடுத்தது. முகம் வெளியே தெரிந்தது, கண்ணீரும் தெரிந்தது, கிழிசல் தெரியவில்லை.

அவள் நிற்பது தெரிந்தும் அவன் நிமிரவில்லை.

“ஒட்டுற கம் காணுமே?” என்று கேட்டாள்.

“காணாது. கொஞ்சம் மாக் காய்ச்சித் தாரும்.”

அவள் சமையலறைக்குப் போய்க் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, பசை காய்ச்ச அடுப்பில் வைத்தாள். கட்டிபடாமல் கிண்டிக்கொண்டு நின்றபோது, நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

*

மறுநாள் காலை இசபெல் வழக்கம்போலக் கோப்பி போட்டு, பிரசாந்தினியின் மேசையில் வைத்தாள். நேற்றைய பேச்சை மறந்துவிடுவோம் என்பதுபோல ஒரு பிஸ்கட்டும் வைத்தாள்.

பிரசாந்தினி கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தாள். நெற்றிவரை உயர்த்தினாள். வாயில் வைக்காமல், மேசையில் தன் முன்னே வைத்தாள்.

“இன்றைக்கும் விரதமா?”

“இல்லை.”

இசபெல் தன் கணினித் திரையைப் பார்த்துத் திரும்பினாள். இரண்டு காட்சிகளை வெட்டினாள். பிறகு கை நின்றது. மெதுவாகத் திரும்பிக் கோப்பையைப் பார்த்தாள். கழுத்திலிருந்து முகம்வரை சிவந்துவிட்டது.

“இது அநியாயம், பிரசாந்தினி.”

“இல்லை. அபூ ஃபலாஹுக்கு இல்லாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் முடியாது என்று சொல்லலாம். உங்கள் மானத்துக்கு ஒன்றும் வராது. சொன்னீர்களென்றால் நான் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவேன். படத்தை ஒழுங்காக முடித்துத் தருவேன். யாரிடமும் எதுவும் சொல்லவும் மாட்டேன். சத்தியமாக.”

இசபெல் எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். கீழே தெருவில் ஒரு லொறி பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள். பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. கோப்பியின் மேல் மெல்லிய ஆடை படிந்தது. பிரசாந்தினி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒட்டகக் காட்சியின் காற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மனதுக்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் தாண்டிய பிறகு இசபெல் கேட்டாள்.

“அந்த ஒலிப்பதிவில் அவள் வேறு ஏதாவது சொன்னாளா? என்னைத் திட்டினாளா?”

“இல்லை.”

“பிறகு?”

“விடியற்காலம் நான் சாப்பிட ஏதாவது வேண்டும் என்றாள். மாவு பிசைந்து வைப்பதாகச் சொன்னாள்.” இந்தமுறை அதைச் சொல்லிவிட்டாள். “அந்த ரொட்டியைத்தான் சாப்பிட்டேன். நீங்களும் ஒரு துண்டு சாப்பிட்டீர்கள். நல்ல ருசி என்றீர்கள்.”

இசபெல் ஆறிப்போன கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நான் கேட்டிருக்கக் கூடாது” என்றாள். பிறகு, அந்தக் கூடாரத்தில் வத்ஹா கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். “உனக்கு என்ன வேண்டும்? சரியாகச் சொல்.”

“அவள் முகம் வேண்டாம். முடி வேண்டாம்.”

“பாட்டு?”

“அதுவும் அவளுடையது.”

“நாசமாய்ப் போச்சு” என்று இசபெல் தலையில் கை வைத்தாள். ஆனால் அந்தக் கை உடனே கணினிக்குப் போனது. பழைய காட்சிகளைத் தேடினாள். திறக்கும்வரை காத்திருந்த நேரத்தில், அந்தத் தடித்த திரையை மட்டும் படம் பிடித்து வைத்திருந்தாள். காற்றில் அது மூச்சுவிடுவதுபோல உப்பித் தணிந்தது. நெசவின் இடுக்குகளால் அடுப்பின் வெளிச்சம் தெரிந்தது. “இதற்குச் சத்தம் இருக்கிறதா உன்னிடம்?”

பிரசாந்தினியிடம் இருந்தது. மாவைத் தட்டும் ஓசை. கவிழ்த்த இரும்புத் தட்டில் ரொட்டி விழும் ஓசை. விறகு வெடிப்பது. வத்ஹா எதற்கோ சிரிப்பது. இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பின்னேரமும் அடுத்த நாளும் அதைப் பொருத்தினார்கள். முடிந்ததும் ஓட்டிப் பார்த்தார்கள். திரைக்கு இந்தப் பக்கமே நின்று கேட்பதுபோல இருந்தது. விருந்தாளி நிற்க வேண்டிய இடமும் அதுதானே என்று பிரசாந்தினி நினைத்துக்கொண்டாள்.

“தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பிடிக்காது” என்றாள் இசபெல்.

“தெரியும்.”

“எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.”

வெள்ளிக்கிழமை இசபெல் கணினியிலிருந்த ஹம்தாவின் காட்சிகளை அழித்தாள். டேப்களைத் தொடவில்லை. “இதை என் கையால் செய்ய எனக்குத் தைரியமில்லை. சனிக்கிழமை நான் வரமாட்டேன்” என்று அறைப் பூட்டின் திறப்பைப் பிரசாந்தினியின் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவுமில்லை.

*

சனிக்கிழமை காலை நிஷாந்தன் மட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு சதுக்கத்துக்குப் புறப்பட்டான். “நீரும் வாறீரே?” என்றான்.

“ஒரு சின்ன வேலை கிடக்கு. முடிச்சுப்போட்டு நேரை அங்கை வாறன்.”

“ஒட்டகமோ?”

“ஓம், ஒட்டகந்தான்.”

அக்காவிடமிருந்து அன்றைக்கும் செய்தி இல்லை.

எடிட்டிங் அறையில் யாருமில்லை. தெருவும் இன்னும் விழிக்கவில்லை. பிரசாந்தினி முதல் டேப்பை இயந்திரத்துக்குள் தள்ளினாள். ஒருமுறையாவது அந்த முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும்போல இருந்தது. விரல் ஓட்டிப் பார்க்கும் பொத்தானுக்குப் போயும் விட்டது. பிறகு திரையை அணைத்தாள். அவள் உட்பட யாருமே பார்க்கக் கூடாது. இயந்திரத்தோடு எதையும் இணைக்காமல், பதிவுப் பொத்தானை மட்டும் அழுத்தினாள். டேப் சுழலத் தொடங்கியது. ஹம்தாவின் முகத்தின்மேல், முடியின்மேல், நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வையின்மேல் இருட்டு மெல்ல மெல்லப் படிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை. சுழலும் ஓசை மட்டும் கேட்டது.

அது முடியட்டும் என்று, கைப்பையிலிருந்து ஃபாரஸ்ட் கேட் கடையில் வாங்கிய ஏலக்காயை எடுத்தாள். கரண்டியின் அடியால் நசுக்கி, இசபெல்லின் கோப்பித்தூளோடு போட்டுக் கொதிக்கவைத்தாள். பெரிய கோப்பைகளில் ஊற்ற மனம் வரவில்லை. அலமாரியில் தேடியபோது, அவித்த முட்டை வைக்கிற சின்னக் கிண்ணம் ஒன்று, காகித கிளிப்புகள் நிறைந்து இருந்தது. கைபிடி இல்லை. ஏறக்குறைய அதே அளவு. கிளிப்புகளை மேசையில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டாவது டேப்பும் சுழன்று முடிந்தது. பதிவுகளுக்குள் இருந்த பாட்டையும், அந்தச் சிவராத்திரி மாலைப் பேச்சையும், ஹெட்ஃபோனைக் காதில் வைக்காமலே அழித்தாள். பிறகு ஜன்னலருகே தரையில், காலை மடித்து உட்கார்ந்தாள். கோப்பியைக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் எடுத்து, நெற்றிவரை உயர்த்தினாள்.

குடித்தாள். கசப்பாகவும் சூடாகவும் இருந்தது. அடிவரை குடித்தாள்.

குடித்து முடித்ததும், எதிரே யாரும் இல்லாவிட்டாலும், கிண்ணத்தை இரண்டு முறை மெதுவாக ஆட்டினாள்.

பிறகு எழுந்து, அதைக் கழுவித் துடைத்து, கிளிப்புகளை மறுபடி உள்ளே போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.